கண்டதும் கேட்டதும்

துடியலூரில் அகவை எண்பதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர் அண்மையில் மறைந்தார். நம் இதழைத் தொடக்க நாள் முதல் பெற்று வந்தவர், எக்கூட்டத்திலும் மேடையேறாதவர், பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டு மிதிவண்டியில் வீடு திரும்புபவர். ஐம்பதாண்டுக்கும் மேலாக அவர் நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வந்தார் என்பதை அறிந்தவர் ஒருசிலரே. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடிட்ட ஏடுகளே அவர்தம் நாட்குறிப்புச் சுவடிகள். ஒவ்வொரு பக்கத்தின் இடப்புறத்திலும் ஒரு கோடு கிழித்திருப்பார். தாம் நேரில் கண்டதாயின் அக்கோட்டிற்கு வெளியே ‘க’ என்றும், பிறர் சொல்லக் கேட்டதாயின் ‘கே’ என்றும் ஓர் எழுத்தை இட்டு வைப்பார். அவ்வளவே அவர் அறிந்த வரலாற்றியல்.

அவர் மறைந்த முப்பதாம் நாள் நினைவுக்குச் சென்றிருந்தேன். சுவடிகள் இருந்த மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் போர்வைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. “அந்த நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டமுங்க ஐயா. எடத்த அடைச்சுட்டுக் கெடந்துச்சுங்க” என்றார் மருமகளார். அவர் சொன்ன சொற்களை அவ்வாறே எழுதியிருக்கின்றேன். ஏன் என்பது பின்னர் விளங்கும். அவர்மேல் எனக்குச் சிறிதும் சினமில்லை. அச்சுவடிகள் வேண்டும் என்று அந்த வீட்டு வாயிலில் வந்து கேட்டவர் எவருமிலர். இருபதாண்டுகளாக அவரொடு பழகிய நானும் கேட்கவில்லை. ‘இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தேன். மேட்டுப்பாளையம் சாலையில் பழந்தாள் கடைகள் மூன்றில் ஏறி இறங்கினேன். கட்டுகள் முன்னரே தாளாலைக்கு ஏற்றப்பட்டுவிட்டன என்றனர்.

போனவை எவை என்பதைச் சொன்னாலன்றி இழப்பின் அளவு விளங்காது. கி.பி. 1965-இல் (தி.பி. 1996) அவர் கோவையில் படித்துக்கொண்டிருந்த மாணவர். அவ்வாண்டு சனவரித் திங்கள் இறுதியில் தொடங்கி மார்ச்சு வரையில் தமிழகம் கண்ட இந்தி எதிர்ப்புப் போரை நாள்வாரியாக எழுதி வைத்திருந்தார். அப்பகுதியை ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டியிருக்கின்றார். பிப்ரவரி 12-ஆம் நாள் பொள்ளாச்சியில் நடந்த துமுக்கிச் சூட்டைப் (துப்பாக்கிச் சூட்டைப்) பற்றி, மறுநாள் கோவையில் மூவர் அவரிடம் மூன்று வேறு எண்ணிக்கைகளைச் சொல்லியிருந்தனர். மூன்றையும் எழுதி, மூன்றுக்கும் முன்னால் ‘கே’ என்று இட்டிருந்தார். எது மெய் என்று தம்மால் சொல்லவியலாது என்பதை அந்த ஓரெழுத்தாலேயே சொல்லிவிட்டார். அறுபது ஆண்டுகளாக நம் மேடைகளில் முழங்கி வந்தோருள் எத்துணைப் பேர் அந்த ஓரெழுத்தை இட்டனர்?

பொள்ளாச்சியில் மாண்டோர் எத்துணைப் பேர்? பத்துப் பேர் என்பாரும் உளர். நூற்றுக்கு மேல் என்பாரும் உளர். போர் முழுமையிலும் மாண்டோர் ஏறத்தாழ எழுபதின்மர் என்றது அரசுக் கணக்கு. ஐந்நூறு என்றது மக்கள் வாய்க்கணக்கு. இவ்விரண்டிற்கும் நடுவே நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் தொங்கிக் கொண்டிருக்கின்றன. அவர்கள் இருந்தனரா, மாண்டனரா, எந்த ஊரினர், எந்தத் தாய் ஈன்றவர் என்று சொல்ல நம்மிடம் ஒரு தாளில்லை. சனவரி 25-இல் ஆண்டுதோறும் ஈகியர் நாள் கொண்டாடுகின்றோம். நடராசன், தாளமுத்து, கீழப்பழுவூர் சின்னச்சாமி, கோடம்பாக்கம் சிவலிங்கம், விருகம்பாக்கம் அரங்கநாதன் என்று பெயர்களை ஓதுகின்றோம். நம் கொங்கு மண்ணின் சத்தியமங்கலம் முத்துவையும், 1965 மார்ச்சு 2-இல் மறைந்த பீளமேடு தண்டபாணியையும் சேர்த்தே ஓதுகின்றோம். தண்டபாணி நம்மூர்க் கல்லூரி மாணவர். அவர் எப்படிப் பேசுவார், விடுதியில் எந்த அறையில் தங்கினார், உடனுறைந்தோர் அன்றிரவு என்ன எழுதி வீட்டிற்கு விடுத்தனர் என்பவற்றுள் ஒன்றேனும் நம்மில் எவர்க்குத் தெரியும்? பெயரைப் பொறித்த கல் இருக்கின்றது. ஆளைக் காட்டும் எழுத்து எங்கே?

அது எங்கும் போய்விடவில்லை என்பதே என் துணிபு. அன்று விடுதிகள் மூடப்பட்டு ஊர் திரும்பிய மாணவர் ஒருவர்க்கொருவர் மடல் எழுதினர். ஆலைத் தொழிலாளர் தம் ஊர்க்கு எழுதினர். வழியில் நின்றுபோன தொடர்வண்டியில் இருந்தவர், கடையடைப்பில் சிக்கிய வணிகர், காயம்பட்டோரைப் பார்த்த மருத்துவமனை ஊழியர், ஏன், ஏவலுக்குக் கட்டுப்பட்டுச் சுட்ட காவலரும்கூட எவருக்கேனும் எழுதியிருப்பர். அம்மடல்கள் மரப்பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கின்றன. அன்று இருபது அகவையினராய் இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். இனியொரு பத்தாண்டு கழித்து இப்பணியைத் தொடங்குவோம் எனின், பழந்தாள் வணிகரிடம்தான் நாம் சான்று கேட்க வேண்டியிருக்கும்.

ஆதலின், 1965-ஆம் ஆண்டுப் போரைக் கொங்கு நாட்டில் கண்டோர் அன்றே எழுதிய மடல், நாட்குறிப்பு, அறிக்கை ஆகியவற்றைத் திரட்டி ஒரு தொகைநூல் ஆக்க வேண்டும் என்கின்றேன். பின்னாளில் நினைந்து எழுதும் நினைவுரையை நான் சொல்லவில்லை. தலைவர்கள் நிறையவே எழுதிவிட்டனர். அன்றே, அப்பொழுதே, முடிவு என்னாகும் என்றறியாத கை எழுதியதையே சொல்கின்றேன். நாற்பதாண்டு கழித்து எழுதுபவர் தாம் வென்றதை அறிந்து எழுதுகின்றார். அன்றிரவு எழுதியவர்க்கோ மறுநாள் காலையில் தாம் சிறையிலிருப்போமா வீட்டிலிருப்போமா என்பதே தெரியாது. அவ்வெழுத்தில் இருக்கும் அச்சமும் பசியும் வெகுளியும் பிற்கால நூலில் இரா.

இத்தகைய எழுத்துக்குத் தமிழில் நிகரற்ற முன்மாதிரி உண்டு. புதுச்சேரியில் துய்ப்பிளேக்சு ஆளுநரிடம் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஆனந்தரங்கர், 1736 முதல் தாம் இறந்த 1761 வரை இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746-இல் பிரஞ்சியர் சென்னையைப் பிடித்ததும், 1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும், இன்னார் இன்னாரிடம் இவ்வளவு கையூட்டுப் பெற்றார் என்பதும் அதில் உள்ளன. கோட்டைக்குள் நடந்ததைத் தமிழனொருவன் தன் கண்ணால் கண்டு தன் மொழியில் எழுதிய பெருஞ்செல்வம் அது. அதன்பின் நேர்ந்ததைக் கேளுங்கள். 1846-இல் அச்சுவடிகளைக் கண்டறிந்து வெளிப்படுத்தியவர் ஒரு பிரஞ்சியர். பிரஞ்சில் சில பகுதிகள் வெளிவந்தன. 1904 தொடங்கி 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாய் அச்சேறியது. தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழில் அச்சேறத் தொடங்கியது 1948-இல்! நம் வீட்டுப் பரணிலிருந்ததை அயலான் எடுத்துத் துடைத்து, தன் மொழியில் படித்து முடித்து, இருபது ஆண்டுகள் கழித்த பின்னரே நாம் தொட்டோம். ஆங்கிலவன்மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவன் செய்ய வேண்டியதைச் செய்தான்.

கொங்கு நாட்டிலும் இதே கதைதான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது ஆண்டுப் பஞ்சத்தில் கோவை மாவட்டம் பட்ட பாட்டை அறிய விழைவோர் இன்றும் இலண்டனில் 1878-இல் வெளிவந்த வில்லியம் திக்பியின் ஆங்கில நூலையே புரட்டுகின்றனர். ஆங்கில அலுவலர் விடுத்த அறிக்கைகளும் மடல்களும் அங்கே அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. கஞ்சித் தொட்டிமுன் நின்ற உழவனின் குரல் அவற்றில் இல்லை. அக்குரலின் எதிரொலியை நாம் கேட்கவேண்டுமெனின் நாட்டுப்புறத்தார் பாடிய பஞ்சக் கும்மிகளிடம்தான் போகவேண்டும். அவற்றையும் ஈரோட்டுப் புலவர் செ. இராசு போன்றோர் ஊரூராய்த் தேடித் தொகுத்திராவிடில் அவையும் நமக்கில்லை. பட்டவன் எழுதவில்லை எனின் பார்த்தவன் எழுதியதே வரலாறாகும்; பார்த்தவனும் ஆள்பவனின் ஆளாயிருப்பின் அவன் கண்ணுக்குப் பட்டதே மெய்யாகும். 1965-க்கும் இந்நிலை வரவேண்டுமா? அரசு ஆவணக் களரியில் காவல்துறைக் கோப்புகள் கட்டுக்கட்டாய் இருக்கும். எதிர்காலத்து ஆய்வாளன் ஒருவன் நேர்மையாகவே உழைத்தாலும் அவற்றைக் கொண்டுதானே எழுதுவான்?

இதுகாறும் சொன்னதற்கு நம்மவர் எல்லாரும் தலையசைப்பர். இனிச் சொல்வதற்குச் சிலர் முகம் சுளிப்பர். ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

மடல்களைத் திரட்டிய பின் நம் கை என்ன செய்யத் துடிக்கும் என்பதை நான் அறிவேன். திருத்தத் துடிக்கும். ‘ஸ்ட்ரைக்’ என்று எழுதியிருப்பதை ‘வேலைநிறுத்தம்’ என்றும், ‘போலீஸ்’ என்பதைக் ‘காவலர்’ என்றும், ‘ஜனங்கள்’ என்பதை ‘மக்கள்’ என்றும் மாற்றி, ‘தமிழுக்காகப் போராடியவன் இப்படி எழுதலாமா?’ என்று நாணி, தூய்மைப்படுத்தி அச்சிடுவோம். அப்படிச் செய்தால் அன்றே அத்தொகைநூல் செத்தது என்று கொள்க. நாம் எழுதும்போது நந்தமிழில் எழுதுவோம். பிறர் எழுதியதைத் தொகுக்கும்போது அவர் எழுதியதையே வைப்போம். முன்னது கொள்கை, பின்னது சான்றாண்மை. ஒன்றற்காக மற்றொன்றைக் கொல்வது தகாது.

ஆனந்தரங்கர் தமிழில் போர்த்துக்கீசமும் பிரஞ்சும் பாரசீகமும் வடமொழியும் கலந்து கிடக்கின்றன. அவர் தம் குறிப்புக்கு இட்ட பெயரே ‘தினப்படி’ என்றுதான் தொடங்குகின்றது. அதனை ‘நாள்வழி’ என்று திருத்தினால் நமக்குக் கிடைப்பது ஒரு நல்ல சொல்; இழப்பதோ, பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரித் தெருவில் எந்த அயற்சொல் எவ்வழியே எவர் வாய்க்குள் நுழைந்தது என்னும் சான்று. 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராய் அமர்ந்த பாவாணர் போன்ற சொல்லாய்வாளர்க்கு வேண்டுவது யாது? எந்தச் சொல், எந்த ஆண்டில், எந்த ஊரில், எப்பொருளில் வழங்கிற்று என்பதன்றோ? நோயின் போக்கை அறிய விழையும் மருத்துவன் நோயாளியின் குருதியைக் கழுவிவிட்டு ஆய்வானா?

இதனினும் கடுமையான எடுத்துக்காட்டொன்று நம் இல்லத்திலேயே உண்டு. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகள் பல்லாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். எம்மொழியில்? ஆங்கிலத்தில். வேதாசலம் என்னும் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக் கொண்ட பின்னரும் அவர்தம் நாட்குறிப்பு ஆங்கிலத்திலேயே தொடர்ந்தது. இதனை வெளியில் சொல்ல வேண்டாமே என்று அன்பரொருவர் என்னிடம் ஒருகால் சொன்னார். ஏன் சொல்லக்கூடாது? அவ்வாங்கில நாட்குறிப்பே, அடிகள் எந்தச் சூழலில் வாழ்ந்து எதனை எதிர்த்து எழுந்தார் என்பதைக் காட்டும் சான்று. ஆங்கிலத்திலும் வடமொழியிலும் ஆழ்ந்திருந்தவர் தம் எழுத்துத் தமிழைத் தாமே கடைந்து எடுத்தார் என்றால் அவர் பெருமை கூடுமா, குறையுமா? பாவாணர் மடல்களை இளங்குமரனார் தொகுத்து நமக்களித்தார். அம்மடல்களில் பாவாணரின் அறிவு மட்டுமன்று, அவர்தம் பணமுடையும் மனக்குறையும்கூடத் தெரிகின்றன. அதனால்தான் அவற்றைப் படிக்கும்போது அவர் நம்மெதிரே அமர்ந்திருக்கின்றார்.

சொல்லைத் திருத்துவது சிறு குற்றம். செய்தியைத் திருத்துவது பெருங்குற்றம். 1965 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் தமிழர் சுடப்பட்டனர், எழுதுவோம். அதே பிப்ரவரியில் திருப்பூரில் காவல்துறைத் துணை ஆய்வாளர் இருவர் கூட்டத்தால் உயிரோடு எரிக்கப்பட்டனர். எழுதுவோமா? அவர்களும் தமிழ்நாட்டில் வாழ்ந்தவரே. அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தனர். அக்குடும்பத்தில் எவரேனும் ஒரு மடல் வைத்திருப்பின் நம் தொகைநூலில் அதற்கும் இடமுண்டா? உண்டு என்பதே என் விடை. அம்மடலை விட்டுவிட்டுப் பொள்ளாச்சி மடலை மட்டும் அச்சிட்டால், பொள்ளாச்சி மடலையும் நம்புவார் இரார். பொள்ளாச்சி வட்டாரத்தில் பிறந்த நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியம், ஓ.வி. அழகேசனொடு பிப்ரவரி 11-இல் பதவி விலகினார். அதற்கடுத்த நாளே பொள்ளாச்சியில் சூடு நடந்தது. அவர் நம் இயக்கத்தவர் அல்லர். அவர் தரப்பினர் அன்று எழுதியவையும் வேண்டும்.

நூறு பேர் மாண்டனர் என்று எழுதிய மடல் கிடைக்கலாம். எழுதியவர் கண்டாரா, கேட்டாரா என்பதை அதன்கீழ் எழுதவேண்டும். பத்துப் பேர் என்று எழுதிய மடலும் கிடைக்கலாம். அதனையும் ஒளிக்காமல் அதே பக்கத்தில் வைக்கவேண்டும். பத்துப்பேர் மாண்டிருப்பின் அது சிறுகொடுமையா? ஓர் ஊர்த் தெருவில், சொந்த நாட்டில், தம் மொழிக்காக நின்ற பத்துப் பேரைச் சுடுவதைப் பேசுவதற்கு எண்ணிக்கையைப் பெருக்கும் தேவை நமக்கேன் வருகின்றது? பெருக்கிச் சொன்ன ஒவ்வோர் எண்ணும் மெய்யாகவே மாண்டவர் ஒருவரின் பெயரைத் தேடும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றது. ‘நூற்றுக்கணக்கானோர்’ என்று சொல்லிவிட்டால் ஒருவர் வீட்டையும் தேடிப் போகவேண்டியதில்லை அல்லவா?

இது நடவாத அறவுரை என்று எண்ணற்க. நம்மினும் ஆயிரம் மடங்கு கொடிய நிலையில் இதனைச் செய்து காட்டியோர் உளர். இரண்டாம் உலகப் போரில், போலந்து நாட்டு வார்சா நகரில் இட்லரின் படை யூதர்களைச் சுவரெழுப்பி அடைத்தது. அச்சுவருக்குள் இம்மானுவேல் இரிங்கல்புளூம் என்னும் வரலாற்றாசிரியர் மறைவாக ஒரு குழுவைக் கூட்டி, நாட்குறிப்பு, மடல், அறிக்கை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, பங்கீட்டு அட்டை என அகப்பட்டவற்றையெல்லாம் திரட்டினார். அழிவு நெருங்கியபோது 1942-இலும் 1943-இலும் அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பாற்குடங்களிலும் இட்டு மண்ணில் புதைத்தனர். 1944-இல் இரிங்கல்புளூம் கொல்லப்பட்டார். குழுவில் உயிர் தப்பியோர் மிகச் சிலர். ஒரு பகுதி 1946-இலும் மற்றொன்று 1950-இலும் தோண்டியெடுக்கப்பட்டன. நாம் கருதிப் பார்க்க வேண்டியது இது: தம் இனத்தாரிலேயே பகைவர்க்கு ஏவல் செய்த யூதக் காவலரின் இழிசெயல்களையும் அக்குழுவினர் மறைக்காமல் எழுதி வைத்தனர். மறுநாள் உயிரோடிருப்போமா என்றறியாதவர்க்கே அந்நேர்மை இயன்றது.

எழுதி வைத்ததும் ஓரிடத்தில் வைத்தால் போதாது என்பதை யாழ்ப்பாணம் நமக்குக் காட்டியது. 1981 மே 31 இரவில் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்து ஏடுகளும் எரிந்தன. அச்சிட்ட நூலை மீண்டும் வாங்கி அடுக்கிவிட்டனர். ஒரேயொரு படியாய் இருந்தவை சாம்பலே.

எனவே, மடலும் நாட்குறிப்பும் வைத்திருக்கும் அன்பர்க்கு என் வேண்டுகோள் இது. மூலத்தை எவர்க்கும் அனுப்பற்க, எங்களுக்கும் அனுப்பற்க. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி உள்ளது. பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், ஒவ்வொரு பக்கத்தையும் உறையின் முன்புறம் பின்புறம் உட்படப் படமெடுங்கள். அஞ்சல் முத்திரையின் நாளை எழுதியவர் பொய்யாக்க இயலாது; ஆதலின் உறையும் மடலளவு மதிப்புடையது. கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டற்க. அது சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளைத் தின்றுவிடும். எழுதியவர் யார், எவர்க்கு எழுதினார், உங்களிடம் எவ்வாறு வந்தது என்பதை ஒரு தனித்தாளில் எழுதி வையுங்கள். பெயரை வெளியிட வேண்டாம் என எழுதியவரோ அவர் மக்களோ கருதின், வெளியிடாதிருப்பது நம் கடன். முதலில் உங்களிடம் இருப்பது யாது என்று ஓர் அஞ்சலட்டையில் தெரிவித்தால் போதும். நாங்களே வந்து பார்ப்போம். எழுதத் தெரியாத தாய்மார் சொல்வாராயின் அதனையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆனால் அதன்மேல் இன்ன நாளில் சொல்லியது என்று எழுதி, அன்றே எழுதியவற்றொடு கலவாமல் வேறாக வையுங்கள்.

தமிழாசிரியர் சுவடிகளுள் ஒன்று மட்டும் என்னிடம் உள்ளது. முன்னொருகால் ஒரு பாட்டின் யாப்பைப் பற்றிய குறிப்புக்காக வாங்கி வந்து திருப்பித் தர மறந்துபோனது, 1967-ஆம் ஆண்டினது. பெரும்பாலும் பாற்கணக்கும் பள்ளித் தேர்வு மதிப்பெண்களும். மார்ச்சு 6-ஆம் நாளின் கீழே, அண்ணா முதலமைச்சராய்ப் பதவியேற்றதை அடுத்த வீட்டு ‘ரேடியோ’வில் சொன்னதாக எழுதி, முன்னால் ‘கே’ இட்டிருக்கின்றார். தமிழாசிரியர் ‘ரேடியோ’ என்றுதான் எழுதியிருக்கின்றார். நானும் அப்படியே படி எடுத்திருக்கின்றேன். அடுத்த வரியில் ‘க’. மாலையில் தெருவில் பிள்ளைகள் வெடி கொளுத்தியதாகவும், எருமை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகவும், இருட்டிய பின்னரே பிடித்துக் கட்டியதாகவும் அதில் உள்ளது.